செலவைக் கேட்டோம், வரவைக் கேட்கவில்லை

கேள்வி: ஐயா, இந்தியாவில் ஏற்றத்தாழ்வு குறைவு, கினி எண் வெறும் 25.5 என்று உலக வங்கி சொன்னதாகப் படித்தேன். ராயக்கோட்டை வழியாக ஓசூர் கம்பெனிக்கு தினமும் பஸ்ஸில் போகிறவள் நான். ஜன்னல் வழியே பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறதே?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் கண்ணை நம்புங்கள் அம்மா. அந்த எண்ணும் பொய் இல்லை. ஆனால் அது அளந்தது வேறு.

எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 100. 1912-ல் இத்தாலியின் கொராடோ கினி கொடுத்த கணக்கு இது. 25.5 என்பது 2022-23 குடும்பச் செலவு சர்வேயை வைத்துப் போட்டது. வருமானத்தை வைத்து அல்ல.

அந்த மாதிரி சர்வேக்கு வீடு வீடாகப் போனவன் நான். பென்னாகரம் பக்கம் ஓர் அம்மா களி கிண்டிக்கொண்டே பதில் சொன்னார். எண்ணெய், பருப்பு, பஸ் காசு, மாத்திரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். சொந்தக் காட்டில் விளைந்த கேழ்வரகுக்கும் விலை போட்டு எழுத வேண்டும். எல்லாம் முடிந்ததும், "கடன் எவ்வளவுன்னு கேக்கலையே சார்?" என்றார். என் படிவத்தில் அதற்கு இடமில்லை. வரவுக்கும் இல்லை.

ஓசூரில் ஒரு பெரிய வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லை. கடைசியில் வேறு வீட்டை எடுத்துக்கொண்டோம். நாடு முழுக்க இப்படி மேல்தட்டு வீடுகள் நழுவினால் கணக்கு சமமாகத்தான் தெரியும்.

இன்னொன்று. மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்குபவர் 12,000-த்தையும் செலவழிக்கிறார். 2 லட்சம் வாங்குபவர் 60,000 செலவழித்து, மீதியை மனையிலும் தங்கத்திலும் போடுகிறார். செலவில் இருவருக்கும் 5 மடங்கு வித்தியாசம். வருமானத்தில் கிட்டத்தட்ட 17 மடங்கு! அதே 2022-23-க்கு வரிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்த உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம், உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினருக்கு நாட்டு வருமானத்தில் 22.6 சதவீதமும், சொத்தில் 40.1 சதவீதமும் போவதாக மதிப்பிட்டது.

பணத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி. செலவை வைத்துப் போடும் கினி எண்ணில் இது தெரியாது. பென்னாகரத்து அம்மாவிடம் நான் கையெழுத்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டைவிரலைத்தான் நீட்டியிருப்பார்.