மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாதா?

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு வாரமாகப் பையிலேயே இருக்கிறது, ஆரம்பித்தால் அடிமையாகிவிடுவோமோ என்று பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதே பயத்தில் பத்து நாள் வைத்திருந்தவன். ஆரம்பித்தேன், தப்பாக நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன், பிறகு சரியாக நிறுத்தினேன்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு இது அழுகையாக வரவில்லை. வயிற்று வலியாக வந்தது, விடிகாலை மூன்று மணி விழிப்பாக வந்தது. எண்டோஸ்கோப்பி வரை பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா கையில் கயிறு மந்திரித்துக் கட்டினார். (அது இன்னும் இருக்கிறது. கழற்றச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை.) கடைசியில் தெருவில் இருக்கும் பொது மருத்துவர்தான் தைராய்டு, ரத்தசோகை எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார்.

அந்த மனநல மருத்துவர் நேராகவே கேட்டார்: "தூங்கி எந்திரிக்காமலே போயிட்டா நல்லதுன்னு தோணுதா?" தோன்றியது. ஆமாம் என்று சொன்ன பிறகு ஏதோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. உங்களுக்கும் அப்படி நினைப்பு இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் காசில்லாமல் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். வீட்டிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். வயது இருபத்தைந்துக்குக் கீழே என்றால், மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் சிலருக்கு இந்த நினைப்பு கூடலாம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

எனக்குத் தந்தவை இரண்டு: மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம், கூடவே பதற்றம் தணிந்து தூக்கம் வர குளோனசிபாம். நம் ஊரில் இரண்டுக்குமே "தூக்க மாத்திரை" என்றுதான் பெயர். உங்கள் பயத்துக்குக் காரணமே இந்தக் குழப்பம்தான் என்று நினைக்கிறேன். குளோனசிபாம், அல்பிரசோலம் வகைதான் பழக்கமாகிவிடக் கூடியது. நாளாக ஆக, அதே அளவு போதாமல் போகும். அதனால்தான் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டும் தருகிறார்கள். எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை அப்படி இல்லை. போட்டதும் மிதப்பாக இருக்காது, கை தேடாது. ஆனால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது, அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. "அடிமை" வேறு, இது வேறு.

முதல் வாரம் குமட்டல், ஓயாத கொட்டாவி. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தது. இதை டாக்டரிடம் சொல்ல நான் மூன்று மாதம் கூச்சப்பட்டது முட்டாள்தனம், அவருக்கு அது தினமும் கேட்கிற விஷயம். பலன் தெரியவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார். நாலாவது வாரம் ஆடி மாதக் குழாய் ரேடியோ சத்தத்துக்கு நான் கத்தினேன். மனைவி சிரித்துவிட்டாள். "பரவால்லைங்களே, கோவமெல்லாம் வருது உங்களுக்கு!" அதற்கு முன் ஆறு மாதம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை.

அப்புறம் நான் செய்த தப்பு. நாலாம் மாதம், சரியாகிவிட்டதே என்று யாரையும் கேட்காமல் ஒரே நாளில் எஸ்சிடலோப்ராமை நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் சுருக் சுருக்கென்று அடிக்கிற மாதிரி. "பார்த்தாயா, அடிமைதான்" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பத்துப் பதினைந்து நாளில் அது போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து மூன்று மணி விழிப்பு திரும்பி வந்தது. டாக்டர் திட்டவில்லை, பிரித்துச் சொன்னார்: நிறுத்திய சில நாளில் வந்து தானாகத் தணிந்தால் பெரும்பாலும் அது மாத்திரையை விட்டதன் விளைவு, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறினால் நோயே திரும்புகிறது.

முதல் முறை வருகிறவர்களுக்குக் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வது வழக்கம். எனக்குத் திரும்பி வந்ததால் ஒன்றரை வருடம். பிறகு பத்து மில்லிகிராம் ஐந்தாகி, அதில் பாதியாகி, மூன்று மாதத்தில் நின்றது. இப்போது இரண்டு வருடமாக மாத்திரை இல்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்கள் பல வருடம் சாப்பிடுவதும் உண்டு. என் மாமா சர்க்கரைக்குச் சாப்பிடுவதைப் போலத்தான், அதில் என்ன வெட்கம்.

செலவைப் பற்றி: மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். கூட்டம் இருக்கும், பேச நேரம் குறைவு. மனம் விட்டுப் பேசிப் பெறும் சிகிச்சைக்கு (கவுன்சலிங் மாதிரி) நான் தனியாரிடம்தான் போனேன். 2017 மனநலச் சட்டப்படி மற்ற நோய்களைப் போலவே இதற்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் என் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், வெளிநோயாளிச் செலவெல்லாம் என் கையிலிருந்துதான் போனது.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். பையிலிருக்கும் மாத்திரைகளில் எது எத்தனை நாளைக்கு, எதை எப்போது குறைப்பது என்று அந்த டாக்டருக்கே போன் பண்ணிக் கேட்டு, அட்டையின் பின்னால் பேனாவில் எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்காததால், இரண்டு வாரத்துக்குத் தந்த குளோனசிபாமை மூன்று மாதம் சாப்பிட்டேன்.