தமிழில் ஆடு, மாடு, பறவை எல்லாவற்றுக்கும் ‘கூட்டம்’ என்ற ஒரே சொல்தானா?

காகத்துக்கும் ஆந்தைக்கும் சிங்கத்துக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிக் கூட்டப்பெயர் இருக்கிறது, தமிழில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நகரத்தில் வளர்ந்தவராக இருப்பீர்கள், அல்லது பிள்ளையின் இலக்கண வினாத்தாளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். எதுவானாலும் இந்தக் கேள்வி எனக்குப் பழைய புண். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு பங்குனியில், மாதத் தேர்வில் ‘ஆடு’ என்பதற்குக் கூட்டப்பெயர் கேட்டார்கள். ‘ஆட்டுக்கிடை’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ‘மந்தை’ என்று மேலே எழுதிக் கொடுத்தார். “எங்கள் வயலிலேயே கிடை போட்டிருக்கிறது ஐயா” என்று எழுந்து சொன்னேன். விடைக்குறிப்பில் அது இல்லை, உட்கார் என்றார்.

தாளடி என்கிற இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்கள், செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் பகுதிக்கு வருவார்கள். பகலெல்லாம் ஆடுகள் அறுத்த தாளில் மேயும். இரவில், யார் பேசி வைத்திருக்கிறார்களோ அவர் வயலில் படல் கட்டி அடைப்பார்கள். மறுநாள் படலைப் பெயர்த்துப் பக்கத்துத் துண்டுக்கு மாற்றுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கச் சீராக விழவேண்டும் அல்லவா? ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறுவருஷம்’ என்று சொல்லித்தான் அப்பா எப்பாடுபட்டாவது கிடைக்குப் பணம் புரட்டுவார்.

அன்று மாலை அழுதுகொண்டே வரப்பில் உட்கார்ந்திருந்தேன். கீதாரி வந்து என்னவென்று கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடைத்தாளை நான் வாசித்துக் காட்டியதும், “ஓட்டிக்கொண்டு போனால் மந்தை; மடக்கிப் போட்டால் கிடை, தம்பி” என்றார். நான் படித்த எந்த இலக்கணப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஆங்கிலப் பட்டியலில் உள்ள பல பெயர்கள் 1486இல் அச்சான ‘செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்’ என்ற வேட்டை நூலில் இருப்பவை. காகக் கூட்டத்தைக் ‘கொலை’ (murder) என்று சொல்வதும் அந்த நூற்றாண்டுப் பட்டியல்களில் உண்டு. அன்றாடப் பேச்சில் அவர்களும் பெரும்பாலும் பொதுச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம்முடையவை கைவேலையிலிருந்து வந்தவை. நெல்லையே பாருங்கள். நாற்றைப் பறித்துக் கட்டினால் முடி. கதிரை அறுத்துக் கைப்பிடியாகப் போட்டால் அரி. அரிகளைச் சேர்த்தால் கட்டு. அடித்த தாளை அடுக்கினால் போர். களத்தில் தூற்றிய நெல் பொலி, குவித்தால் அம்பாரம், மரக்காலால் அளந்தால் 12 மரக்கால் ஒரு கலம். கும்பகோணம் வெற்றிலை நூறு சேர்ந்தால் கவுளி. திருவையாற்று வாழை தாராக வரும், சீப்பாகப் பிரியும். எறும்புகூட ஊர்ந்து போகும்போதுதான் சாரை.

‘மந்தையும் தமிழ்தானே, அதை ஏன் தாழ்த்துகிறாய்’ என்று யாராவது வருவார்கள். நான் தாழ்த்தவில்லை, கிடையைத் தவறு என்று அடித்ததைத்தான் சொல்கிறேன். வட்டார வழக்கைப் பாடத்தில் நுழைக்கிறாய் என்று என்னைச் சொல்பவர்கள் தொல்காப்பிய மரபியலைப் புரட்டட்டும். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று இளமைப் பெயர் மட்டும் ஒன்பது. எந்த உயிருக்கு எந்தச் சொல் என்று வகுத்தும் வைத்திருக்கிறது.

அம்பாரம் என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. இரண்டு வருடம் முன்பு அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று 11 நாள் காக்க வைத்தார்கள். 40 கிலோ சிப்பமாகப் பிடித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வேலை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, காயவைத்துக் கொண்டுவா என்றார்கள். தார்ப்பாயை விலக்கினால் நெல் முளைவிட்டிருந்தது. அப்பா அதைக் ‘குவியல்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அம்பாரம் என்ற சொல் அன்று அவர் வாயில் வரவேயில்லை.

உங்கள் பிள்ளைக்குத் தேர்வு என்றால் மந்தை என்றே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் போகவேண்டாம். பங்குனியில் ஒருமுறை எங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு வாருங்கள். பகலில் வந்தால் மந்தையைத்தான் பார்ப்பீர்கள்.