பங்குப் பணமும் முன்னறிவும்

அன்புள்ள ஐயா,

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அம்மாவுக்கும் மாமனுக்கும் பொதுவான தென்னந்தோப்பைக் கள் இறக்கக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். பணத்தை வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பது என் வேலை. போன தவணையில் மாமனின் பங்கை அவர் கையில் கொடுக்கும்போதே, அவர் நேராகக் கடைக்குத்தான் போவார் என்று எனக்குத் தெரியும். போனார். திரும்பும்போது வாய்க்கால் பாலத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அம்மா பிரசன்னம் பார்க்கச் சொன்னார். சோழி போட்டவர், இது ஜாதகத்தில் உள்ளது, தடுத்திருக்கவே முடியாது என்று சொல்லிவிட்டுக் கூடவே பரிகாரத்துக்கும் ஒரு பட்டியல் கொடுத்தார். கடவுளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்றால் மாமன் அன்று கடைக்குப் போகாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது என்றால் அவரைக் குற்றம் சொல்லலாமா? படைத்தவர் நல்லவர் என்றால் தீமை எங்கிருந்து வந்தது? அடுத்த தவணையை மாமனிடம் கொடுப்பதா, அத்தையிடம் கொடுப்பதா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

தடுக்க முடியாததற்குப் பரிகாரம் எதற்கு என்று கேட்டால் சோழி போட்டவர் கோபித்துக்கொள்வார். ஆனால் அவரை மட்டும் பிடித்துப் பயனில்லை. ஊழைவிட வலியது எது, அதைத் தவிர்க்க வழி தேடினாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கும் என்று 380-ஆம் குறளில் சொன்ன வள்ளுவர்தான், தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்று 620-இல் சொல்கிறார். உரையாசிரியர்கள் இரண்டையும் ஒட்டவைக்க உழைத்திருக்கிறார்கள். வள்ளுவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மாமன் கடைக்குப் போவார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நீங்கள் அறிந்ததனால் அவர் போகவில்லை, அவர் போகிறவராக இருந்ததனால் நீங்கள் அறிந்திருந்தீர்கள். கடவுளின் முன்னறிவுக்கும் இது பொருந்தும் என்பது பழைய பதில். எனக்கு அது பாதிதான் போதுமானது. ஏனென்றால் உங்களுடையது பழக்கத்தை வைத்துச் செய்த ஊகம். அன்று அவர் மனம் மாறி வீட்டுக்குப் போயிருந்தால் உங்கள் ஊகம் பொய்த்திருக்கும், அவ்வளவுதான். கடவுளின் அறிவு பொய்க்கக் கூடாதே.

பொய்க்காத அறிவுக்கும் நம் ஊரிலேயே சாயல் உண்டு. ஆற்றின் மேல்பக்கம் மணக்கடவு தடுப்பணையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று தெரிந்தவர், அந்தத் தண்ணீர் கீழே மூலத்தறை மதகுக்கு வந்து சித்தூர்ப்புழை வாய்க்கால்களில் எப்போது ஏறும் என்று ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடுவார். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வர வேண்டும் என்பதால் அங்கே கணக்கு கறாரானது. ஆனால் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடியே தீர வேண்டியது. கடவுள் மாமனை இப்படிக் காரணங்களைக் கூட்டிக் கழித்து அறிகிறார் என்றால், மாமனும் வாய்க்கால் தண்ணீரும் ஒன்றாகிவிடுவார்கள். சுதந்திரம் அதோடு போயிற்று.

இதிலிருந்து தப்பும் வழியைக் கண்டவர்களில் ஒருவர் போயத்தியஸ் என்ற ரோமானிய அதிகாரி. மன்னன் தியோடரிக்கின் சந்தேகத்துக்கு ஆளாகிச் சிறையிலிருந்தபோது, சுமார் 524-இல் கொல்லப்படுவதற்கு முன்பு, அவர் எழுதியதன் சாரம் இது: கடவுள் காலத்துக்கு உள்ளே இல்லை; எனவே அவருக்கு முன்னறிவு என்று ஒன்றில்லை, நேற்றும் நாளையும் ஒரே பார்வையில் தெரிகின்றன. நெல்லியாம்பதியில் சீதார்குண்டு விளிம்பில் நின்று கீழே கொல்லங்கோட்டு வயல்களைப் பார்த்திருப்பீர்கள். வரப்பில் நடக்கிறவனுக்கு அடுத்த திருப்பம் தெரியாது, மேலே நிற்பவருக்கு முழு வரப்பும் தெரியும்; பார்ப்பவரின் கண் நடப்பவனின் காலைத் தள்ளுவதில்லை. முன்னறிவைப் பற்றிய சிக்கலை இது பெரும்பாலும் அவிழ்த்துவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் நம்மை விடுவிக்கும் இந்த வாதம் கடவுளை விடுவிப்பதில்லை. மேலே நிற்பவர் வெறும் பார்வையாளராக இருந்தால் சரி. அவரே வரப்பையும் அமைத்து, நடப்பவனுக்குக் காலையும் கொடுத்து, விழப்போவதையும் கண்டவர் என்றால்? வழக்கு அறிவைப் பற்றியதாக இருந்தது, இப்போது படைப்பைப் பற்றியதாகிவிடுகிறது.

வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்மசூத்திரம் இந்த வழக்கை நேராகவே எடுத்துக்கொள்கிறது. ஈசுவரன் பாரபட்சமும் இரக்கமின்மையும் உடையவன் என்ற குற்றச்சாட்டுக்கு, அவன் உயிர்களின் வினைக்கு ஏற்பவே செயல்படுகிறான் என்பது பதில். காலடியில் பிறந்த சங்கரர் இங்கே மழையை உவமை காட்டுகிறார்: மழை எல்லாவற்றுக்கும் பொது, நெல்லாவதும் வேறொன்றாவதும் விதையின் வேறுபாடு. அப்படியானால் முதல் விதையை யார் போட்டது என்று அடுத்த சூத்திரமே கேட்கிறது. வினைத்தொடருக்குத் தொடக்கமே இல்லை என்கிறது. கேள்விக்குப் பதில் சொன்னதா, கேள்வியைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனதா என்று எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

சைவ சித்தாந்தம் இன்னும் துணிச்சலானது. பதி என்னும் இறைவன், பசு என்னும் உயிர், பாசம் என்னும் கட்டு மூன்றும் அநாதி, தொடக்கமில்லாதவை. உயிரை இறைவன் படைக்கவில்லை, உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தையும் படைக்கவில்லை. செம்பில் களிம்புபோல அது உயிரோடு என்றும் இருப்பது. அதைப் போக்கவே உடலையும் உலகையும் அவன் தருகிறான். இறைவனின் நன்மையைக் காப்பாற்ற, எல்லாமே அவனிடமிருந்து வந்தன என்பதை இவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். சூனியத்திலிருந்து எல்லாவற்றையும் படைத்த கடவுளை நம்பிய கிறிஸ்தவ ஞானி அகுஸ்தீனால் இந்த விலையைக் கொடுக்க முடியாது. ஆகவே தீமை ஒரு பொருளே அல்ல, நன்மையின் குறைவு மட்டுமே என்றார். பல்வலி வந்த இரவில் அதை நலத்தின் குறைவு என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். வலி குறையவில்லை. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் களிம்பின் பக்கம்தான். அது தீமையை இல்லை என்று சொல்லவில்லை, அதற்கு இறைவனையும் பொறுப்பாக்கவில்லை; சர்வவல்லமை சற்றுக் குறைவதை நான் பொறுத்துக்கொள்வேன்.

இப்போது தோப்புக்கு வருவோம். நீங்கள் கடவுளின் இடத்திலிருந்து ஒரு நாள் பார்த்திருக்கிறீர்கள்: தெரிந்தே கொடுத்தீர்கள். ஆனால் கொடுத்தது உங்கள் தயவு அல்ல, அவருடைய பங்கு. அதைப் பிடித்து வைத்தால் அவரை மனிதராக நடத்தவில்லை என்றாகும், கொடுத்தால் கடைக்கு வழி விட்டதாகும். மனிதனுக்குச் சுதந்திரத்தைக் கொடுத்த கடவுளுக்காக வாதாடுகிறவர்கள் சொல்வதும் இதைத்தான். பங்கு அவனுடையது, பிடித்து வைப்பதற்கில்லை என்கிறார்கள். ஆனால் உங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு அன்று மாலை அவரோடு பாலம் வரை நடந்திருக்கலாம். இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை; அவர் விழுவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, கடைக்குப் போவார் என்பது மட்டுமே தெரியும். குற்றத்தை அந்த அளவுக்கு மேல் சுமக்காதீர்கள்.

அடுத்த தவணையை யாரிடம் கொடுப்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள், சோழியிடமும் கேட்டிருப்பீர்கள். மாமன் இப்போது படுக்கையில் தெளிவாகத்தானே இருப்பார். அவரிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை.