நம்ம ஊரு பொண்ணுக்கு ஏன் ஓட்டு போடல?

வணக்கம் அக்கா,
போன வாரம் எழுதுனதுல, அமெரிக்காவுல ஜனநாயகக் கட்சியோட 2020 பிரைமரில (கட்சிக்கு யார் அதிபர் வேட்பாளர்னு முடிவு பண்ற தேர்தல்ல) கமலா ஹாரிசுக்கு ஓட்டு போடலன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டு போய்ட்டீங்க. அவங்க அம்மா நம்ம ஊரு. தாத்தா ஊரு துளசேந்திரபுரத்துல பேனர் கட்டி கோயில்ல அபிஷேகம்லாம் பண்ணாங்க. அங்கயே இருக்கற நீங்க போடலன்னா எப்படி? அப்ப யாருக்கு தான் போட்டீங்க? இன்னொன்னு, ஒரே கட்சி ஆளுங்களுக்குள்ள பொதுஜனம் எதுக்கு ஓட்டு போடணும்? கோச்சுக்காம பதில் போடுங்க.
செ., திருப்பூர்

தம்பி செ.,
கோவம்லாம் இல்ல, இதே கேள்விய எங்க அம்மாவே மன்னார்குடில இருந்து போன் போட்டு கேட்டாச்சு. முதல்ல ஒன்னு, நான் நினைச்சிருந்தாலும் போட்டிருக்க முடியாது. கமலா 2019 டிசம்பர் 3ம் தேதியே கையில காசில்லன்னு விலகிட்டாங்க, டெக்சாஸ் ஓட்டுச்சீட்டுல அவங்க பேரே இல்ல. 2024ல பைடன் ஜூலை 21 அன்னிக்கு ஒதுங்கின அப்பறம் தான் அவங்க வேட்பாளர் ஆனாங்க, அதுக்குள்ள பிரைமரி எல்லாம் முடிஞ்சு போச்சு.

சரி, பேர் இருந்திருந்தா போட்டிருப்பேனான்னு கேட்டா, மாட்டேன்னு தான் நினைக்கறேன். 2019 ஜூன்ல மயாமி டிபேட்ல பைடன நேருக்கு நேரா, ஸ்கூல் பஸ் விஷயத்துல (கறுப்பு, வெள்ளப் பிள்ளைங்க சேந்து படிக்கட்டும்னு பஸ்ல வேற ஸ்கூலுக்கு அனுப்பினாங்க, அரசாங்கம் அத கட்டாயப்படுத்தறத அவர் அந்தக் காலத்துல எதுத்தாரு), அப்படி பஸ்ல போன சின்னப்பொண்ணு நான் தான்னு சொல்லி ஒரு போடு போட்டாங்க பாருங்க, சோஃபால இருந்து எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். அதோட சரி. மெடிக்கல் இன்சூரன்ஸ் பத்தி இன்னிக்கு ஒன்னு நாளைக்கு ஒன்னுன்னு மாத்தி மாத்தி பேசினாங்க, இவங்க எதுக்காக நிக்கறாங்கன்னே எனக்கு கடைசி வரைக்கும் புரியல. ஆனா துணை அதிபர் வேட்பாளரா 2020 ஆகஸ்ட் கட்சி மாநாட்டுல "சித்தி"ன்னு ஒரு வார்த்த சொன்னாங்கல்ல, அப்ப அழுதேன், அத மறைக்க மாட்டேன். அழுகை வேற, ஓட்டு வேற தம்பி.

பிரைமரி எதுக்குன்னு கேட்டீங்க. நம்ம ஊர்ல நேர்காணல்னு ஒன்னு நடக்கும், அப்பறம் தலைமைக் கழகத்துல இருந்து பட்டியல் வரும், சீட்டு கிடைக்காதவன் சுயேச்சையா நிப்பான், அவ்ளோதான். இங்க அந்தப் பட்டியல போடறது நம்மள மாதிரி ஆளுங்க. டெக்சாஸ்ல கட்சி உறுப்பினரா பதிவு பண்ற வழக்கமே கிடையாது, பூத்துக்கு போனா எந்தக் கட்சி பிரைமரின்னு கேப்பாங்க, சொன்னா அந்த சீட்டு குடுப்பாங்க. பின்னாடி க்யூல பக்கத்து வீட்டுக்காரர் நிக்கும்போது வாய் விட்டு கட்சி பேர சொல்றது கொஞ்சம் கூச்சமா தான் இருக்கும். ஒரு மாநிலத்துலயோ அதுக்குள்ள ஒரு தொகுதிலயோ 15 சதவீதம் வாங்கினா தான் டெலிகேட் (மாநாட்டுல வேட்பாளர தேர்ந்தெடுக்கற பிரதிநிதி) கிடைக்கும், அதனால சின்ன வேட்பாளருக்கு போடறவங்க எல்லாருக்கும் ஒரு பயம் இருந்துகிட்டே இருக்கும்.

அந்தப் பயம் தான் என்னையும் கெடுத்துச்சு.

எனக்கு பிடிச்சது எலிசபெத் வாரன். திவால் சட்டம் சொல்லிக் குடுத்த ப்ரொஃபசர், நல்ல கணக்கு டீச்சர் மாதிரி பேசுவாங்க, 5 கோடி டாலருக்கு மேல சொத்து இருந்தா வருஷம் 2 சதவீதம் வரி, அந்தக் காச இன்ன இன்னதுக்கு செலவு பண்ணுவேன்னு வரிசையா சொல்லுவாங்க. தன் உடம்புல பூர்வகுடி ரத்தம் இருக்குன்னு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து மாட்டிகிட்டது சுத்த அசட்டுத்தனம், அத மன்னிச்சுட்டேன். ஒரு வருஷம் சாப்பாட்டு மேசைல நான் பேசினதெல்லாம் இந்தம்மாவ பத்தி தான். பையன் ஆண்ட்ரூ யாங் பக்கம், மாசம் 1000 டாலர் எல்லாருக்கும் தருவேன்னாரே அவரு. (2023ல அங்க மகளிருக்கு மாசம் 1000 ரூபா வர ஆரம்பிச்சப்ப அவர் ஞாபகம் தான் வந்துச்சு.) செனட்டர் பெர்னி சாண்டர்ஸ குறை சொல்ல மனசு வராது, 78 வயசுல ஹார்ட் அட்டாக் வந்தும் திரும்ப வந்து அதே பேச்ச அதே சத்தத்துல பேசினாரு, ஆனா செனட்ல எப்படி பாஸ் பண்ணுவீங்கன்னா பதிலே வராது. நியூயார்க் மேயரா இருந்த கோடீஸ்வரர் ப்ளூம்பெர்க்? சொந்தக் காசு 50 கோடி டாலருக்கு மேல கொட்டினாரு, டிவி போட்டாலே அவர் மூஞ்சி, கடைசில ஜெயிச்சது அமெரிக்கன் சமோவான்னு பசிபிக் கடல்ல இருக்கற குட்டித் தீவு மட்டும். எங்க பக்கத்துல வார்டு எலக்‌ஷன்லயே காச வாங்கிட்டு மாத்தி குத்துவாங்கன்னு அவருக்கு யாரும் சொல்லல போல.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2016ல ஹிலரி தோத்தத பாத்துட்டு எல்லாரும் பொம்பளைய நிறுத்தினா திரும்ப தோப்போம்னே பேசினாங்க, ஆபீஸ்ல, பார்ட்டில, தமிழ்ப்பள்ளி வாசல்ல, எங்க பாத்தாலும். ஜெயலலிதா 6 தடவ முதல்வரா பதவி ஏத்த ஊர்ல இருந்து வந்தவ நான், இந்திரா காந்திய பாத்து வளந்தவ, எனக்கே அந்தப் பேச்சு மண்டைல ஏறிடுச்சு. அதனால பிப்ரவரி 18, முன்கூட்டியே ஓட்டு போடற முதல் நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல போய் சவுத் பெண்ட்னு ஒரு சின்ன ஊர்ல மேயரா இருந்த பீட் பூட்டிஜெஜுக்கு போட்டேன். (இந்தப் பேர தமிழ்ல எழுதறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆச்சு.) முதல்ல ஓட்டு நடந்த அயோவால முன்னாடி வந்தாரு, நல்லா பேசறாரு, ராணுவத்துல இருந்தவரு, இவர் தான் ஜெயிப்பாருன்னு ஒரு கணக்கு. பெரிய ராஜதந்திரி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் ராத்திரி லாஸ் வேகாஸ் டிபேட். வாரன் ப்ளூம்பெர்க்க நார் நாரா கிழிச்சு தோரணம் கட்டிட்டாங்க, அவர் கம்பெனி மேல புகார் சொன்ன பெண்கள், வெளிய பேச மாட்டோம்னு கையெழுத்து போட்ட அந்த ரகசிய ஒப்பந்தங்கள பத்தி கேட்டப்ப அந்தாளால முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதான்னு எனக்கு வயித்தெரிச்சல்.

மார்ச் 1 ஞாயித்துக்கிழமை மாவு அரைச்சுகிட்டு இருக்கேன், பூட்டிஜெஜ் விலகிட்டாருன்னு போன்ல வருது. மறுநாள் எங்க டாலஸுக்கே வந்து பைடனுக்கு ஆதரவுன்னுட்டாரு, இன்னொரு வேட்பாளர் ஏமி குளோபுசாரும் கூடவே. நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவதா வந்த பைடன், சவுத் கரோலினால அந்த ஊர் கறுப்பின எம்.பி. க்ளைபர்ன் ஒரு வார்த்த சொன்னதுல எந்திரிச்சு உக்காந்து, மார்ச் 3 அன்னிக்கு 14 மாநிலத்துல 10 அள்ளிட்டாரு, டெக்சாஸும் சேத்து. அவருக்கு வயசாயிடுச்சுன்னு தான் நான் அவர கணக்குலயே எடுக்கல, என் கணக்கோட லட்சணம் அது.

ஓட்டு வீணா போச்சேன்னு இல்ல தம்பி, வாரனுக்கு போட்டிருந்தாலும் வீண் தான், டெக்சாஸ்ல மொத்தமா அவங்க 15 சதவீதத்தையே தொடல. என்னோட ஓட்டுன்னு சொல்லிக்கற மாதிரி கூட அது இல்லையேன்னு தான்.

அந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் க்யூல நின்னு போட்டுட்டு வந்தாரு. யாருக்குன்னு கேட்டேன். வாரனுக்கு தான், ஒரு வருஷமா நீ தான சொல்லிட்டே இருந்தன்னாரு. நான் யாருக்கு போட்டேன்னு அவர் கேக்கவே இல்ல, எனக்கும் சொல்ல வாய் வரல. இத படிச்சா தான் அவருக்கே தெரியும்.