டிஎம்ஓ எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது: ரக்பி நடுவர் தீர்ப்புகள், கேள்வி பதில்

பன்னாட்டு ரக்பியில் அதிகம் சர்ச்சையான தீர்ப்புகளைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. டிஎம்ஓ என்பவர் களத்துக்கு வெளியே திரைகளின் முன் அமர்ந்து, நடுவரோடு ஒலிவாங்கி வழியே பேசும் காணொளி நடுவர்.

கேள்வி: 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் ஆரோன் ஸ்மித் அடித்த ட்ரையை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்திப் பெறும் புள்ளிகள்) ஏன் ரத்து செய்தார்கள்? பந்து கைநழுவியது உண்மைதானே, பிறகு என்ன சர்ச்சை?

உண்மைதான். லைன்அவுட்டில் (பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே வீசி ஆட்டத்தைத் தொடங்கும் முறை) நியூசிலாந்தின் ஆர்டி சவேயாவின் கையில் பட்டுப் பந்து முன்னால் போனது. சட்டப்படி அது நாக்-ஆன். களத்தில் இருந்த வெய்ன் பார்ன்ஸ் அதைக் கவனிக்கவில்லை, ஆட்டம் தொடர்ந்தது, பல ஃபேஸ் கழித்து ஸ்மித் கோட்டைத் தாண்டினார். அதன் பிறகுதான் டிஎம்ஓ டாம் ஃபோலி அந்த நாக்-ஆனைச் சுட்டிக்காட்டினார்.

சிக்கல் எங்கே என்றால், அப்போதிருந்த நெறிமுறைப்படி முரட்டு ஆட்டம் தவிர மற்ற தவறுகளுக்கு டிஎம்ஓ இரண்டு ஃபேஸ் வரைக்கும்தான் பின்னால் போகலாம். ஒரு ரக்கோ மோலோ (பந்துக்காக இரு அணியினரும் நெருக்கித் தள்ளும் கும்பல்) முடிந்து பந்து வெளியே வந்தால் அது அடுத்த ஃபேஸ். சவேயாவின் நாக்-ஆன் அந்த எல்லைக்கு வெளியே கிடந்தது. ஆக, டிஎம்ஓ கண்டது சரி, அதைச் சொல்லும் அதிகாரம்தான் அவருக்கு இல்லை. உலக ரக்பி அமைப்பு இதை நியூசிலாந்திடம் ஒப்புக்கொண்டதாக அந்நாட்டு ஊடகங்களில் பின்னர் செய்தி வந்தது.

"முடிவு சரியாக இருந்தால் போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஒவ்வொரு ட்ரைக்கும் எட்டு, பத்து ஃபேஸ் பின்னால் போய்த் தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும். எல்லைக்கோடு வரைந்ததே அதற்காகத்தான். அது ஒரு ட்ரைக்கு இருந்து, இன்னொரு ட்ரைக்கு இல்லாமல் போனால் அநியாயம்.

ஆட்டம் 12-11 என்று தென்னாப்பிரிக்காவுக்குப் போனதால், அந்த ட்ரை இருந்திருந்தால் நியூசிலாந்து ஜெயித்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு நிற்காது, அதன் பின்னும் நியூசிலாந்துக்கு வாய்ப்புகள் இருந்தன. சில நிமிடங்களிலேயே போடன் பாரெட் ட்ரை அடித்தார், அதன் கன்வெர்ஷன் (ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிகளுக்காக உதைக்கும் உதை) தவறியது. கடைசிக் கட்டத்தில் ஜோர்டி பாரெட்டின் நீண்ட தூரப் பெனால்டியும் தவறியது. அந்த ஆட்டத்துக்குப் பின் ஃபோலிக்கும் பார்ன்ஸுக்கும் குடும்பத்தோடு சேர்த்து மிரட்டல்கள் வந்தன. ஃபோலி பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டார். நெறிமுறையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். ஒருவர் வீட்டு ஆட்களை மிரட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கேள்வி: 2007 உலகக் கோப்பைக் கால் இறுதியில் பிரான்சின் முன்பாஸை (பந்தை முன்னோக்கிக் கொடுக்கும் தவறு) ஏன் காணொளியில் பார்க்கவில்லை?

கார்டிஃபில் நடந்த ஆட்டம். தமியன் த்ராயிடமிருந்து மிஷாலாக்குக்குப் போன பந்து தெளிவாக முன்னால் போனது. அதிலிருந்து ஜோசியோன் ட்ரை அடிக்க, பிரான்ஸ் 20-18 என்று நியூசிலாந்தை வெளியேற்றியது. நடுவர் அப்போதும் பார்ன்ஸ்தான். அந்தக் காலத்தில் டிஎம்ஓ பார்க்கலாம் என்றிருந்தது ட்ரை அடிக்கும் செயலை மட்டும்: பந்து தரையில் அழுத்தப்பட்டதா, கால் கோட்டில் பட்டதா, அவ்வளவுதான். அதே தொடரின் இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் மார்க் க்யூட்டோவின் கால் டச் கோட்டில் பட்டது என்று ஸ்டூவர்ட் டிக்கின்சன் ட்ரையை மறுத்தது இந்த அதிகாரத்துக்குள் வந்தது. முன்பாஸ் வரவில்லை.

கேள்வி: "களத் தீர்ப்பு ட்ரை இல்லை" என்று நடுவர் முதலில் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கிறாரே, அது எதற்கு? தெரியாததால்தானே கேட்கிறார்?

இதுதான் இன்றைய முறையில் மிக முக்கியமான கட்டம். முன்பெல்லாம் நடுவர் இரண்டு விதமாகக் கேட்பார். "ட்ரையா, இல்லையா?" என்று கேட்டால் பந்து தரையில் பட்டதை டிஎம்ஓ பார்த்தாக வேண்டும். "ட்ரை தராமல் இருக்கக் காரணம் உண்டா?" என்று கேட்டால் பந்து பட்டதாகவே எடுத்துக்கொண்டு, அதற்கு எதிரான சான்றைத் தேட வேண்டும். இப்போது நடுவர் முதலிலேயே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார். அதை மாற்ற, ஐயத்துக்கு இடமில்லாத படம் வேண்டும். படம் தெளிவாக இல்லை என்றால் களத் தீர்ப்பே நிற்கும்.

2024 பிப்ரவரி 10, மர்ரேஃபீல்டு. கடைசி நொடிகளில் ஸ்காட்லாந்தின் சாம் ஸ்கின்னர் கோட்டுக்கு அப்பால் விழுந்தார். நடுவர் நிக் பெர்ரி சொன்ன களத் தீர்ப்பு: பந்து தரைக்கு வரவில்லை, ட்ரை இல்லை. பந்து முதலில் ஒரு பிரெஞ்சு வீரரின் காலணி மேல் இருந்தது, பிறகு நழுவிக் கீழே இறங்கியது. தரையைத் தொட்டிருக்கும் என்று எவரும் ஊகிக்கலாம். ஆனால் பந்தும் புல்லும் சேரும் அந்த இடம் எந்தக் கேமராவிலும் தெளிவாக விழவில்லை. டிஎம்ஓ பிரையன் மக்நீஸ் முதலில் ட்ரை என்ற பக்கம் சாய்வது போலப் பேசி, பிறகு உறுதியான சான்று இல்லை என்று முடித்தார். பிரான்ஸ் 20-16 என்று வென்றது. பெர்ரி களத்தில் "ட்ரை" என்று சொல்லியிருந்தால் அதே படங்களை வைத்து அந்த ட்ரையும் நின்றிருக்கும்.

ஆகவே திரையில் மறு ஒளிபரப்பு ஓடத் தொடங்கும்முன் நடுவர் வாயிலிருந்து வரும் வார்த்தையைக் காதில் வாங்குங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

கேள்வி: கிரெய்க் ஜுபேர் ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கொடுத்த பெனால்டி?

2015 அக்டோபர் 18, ட்விக்கன்ஹாம், உலகக் கோப்பைக் கால் இறுதி. ஸ்காட்லாந்து 34-32 என்று முன்னிலை. இன்னும் ஓரிரு நிமிடமே பாக்கி. ஸ்காட்லாந்தின் லைன்அவுட்டில் வீசிய பந்து நீளமாகப் போய், ஒரு ஸ்காட்லாந்து வீரர் கையில் பட்டு முன்னால் தெறித்தது. அது ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸ் மேல் பட, ஆஃப்சைடில், அதாவது தன் அணி ஆடிய பந்துக்கு முன்னால், நின்ற ஸ்காட்லாந்தின் ஜான் வெல்ஷ் பிடித்தார். ஜுபேர் பெனால்டி கொடுத்தார், ஆஸ்திரேலியாவின் பெர்னார்ட் ஃபோலி உதைத்து 35-34.

ஃபிப்ஸ் பந்தை வேண்டுமென்றே ஆடினார், அதனால் வெல்ஷ் ஆஃப்சைடு ஆகமாட்டார், முதல் நாக்-ஆனுக்காக ஆஸ்திரேலியாவுக்கு ஸ்க்ரம் (இரு அணியினரும் கோத்து நின்று தள்ளி ஆட்டத்தைத் தொடங்கும் முறை) மட்டுமே கொடுத்திருக்க வேண்டும் என்று மறுநாளே உலக ரக்பி அறிவித்தது. டிஎம்ஓவிடம் கேட்டிருக்கலாமே என்று இன்றும் சொல்கிறார்கள். கேட்க வழி இருக்கவில்லை. ட்ரையும் இல்லை, முரட்டு ஆட்டமும் இல்லை என்றால் அன்றைய நெறிமுறையில் கதவு மூடியிருந்தது. ஒரு நடுவரின் தவறை மறுநாளே பொதுவில் அறிவித்த அந்த முடிவு எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவரைக் கட்டிவைத்த நெறிமுறையைப் பற்றி அதே அளவு சத்தம் எழவில்லை.

கேள்வி: 2017-ல் ரோமன் புவாட் பெனால்டி கொடுத்துவிட்டு மாற்றினாரே, அப்படி மாற்றலாமா?

ஆக்லாந்து ஈடன் பார்க், நியூசிலாந்துக்கும் லயன்ஸுக்கும் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டணி) நடந்த தொடரின் மூன்றாம் டெஸ்ட், 15-15. லயன்ஸின் லியாம் வில்லியம்ஸ் மேல் பட்ட பந்து முன்னால் நின்ற கென் ஓவன்ஸ் கைக்கு வந்தது, அவர் உடனே விட்டுவிட்டார். புவாட் முதலில் பெனால்டி கொடுத்தார். பிறகு, நியூசிலாந்தின் கியரன் ரீட் வில்லியம்ஸை அந்தரத்தில் மோதியது முரட்டு ஆட்டமா என்று புவாட் டிஎம்ஓவிடம் கேட்டார். அது நெறிமுறைக்குள் வந்த கேள்வி. அதில் தவறில்லை என்றானதும் தன் துணை நடுவரோடு பேசி, தற்செயல் ஆஃப்சைடு, ஸ்க்ரம் என்று மாற்றினார். ரீட் மேல் இருந்த ஐயத்துக்காகத் திறந்த கதவு வழியாக ஓவன்ஸின் தீர்ப்பு மாறி வெளியே வந்தது. தொடர் சமனில் முடிந்தது. நியூசிலாந்து ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: பங்கர் முறை (அட்டையைத் தனி அதிகாரி மறுஆய்வு செய்வது) எப்படி நடக்கிறது? 2023 இறுதிப் போட்டியில் நியூசிலாந்தின் சாம் கேனுக்குச் சிவப்பு, தென்னாப்பிரிக்காவின் கொலிசிக்கு மஞ்சள். ஒரே குற்றம்தானே?

நடைமுறை இது. சிவப்பு அட்டைக்கு வாய்ப்புண்டு, ஆனால் உறுதியில்லை என்றால் நடுவர் மஞ்சள் காட்டி இரு கைகளையும் முன்னால் குறுக்காகப் பிடிப்பார். வீரர் வெளியேறுவார், ஆட்டம் தொடரும். தனியே அமர்ந்திருக்கும் மறுஆய்வு அதிகாரிக்கு எட்டு நிமிடம் அவகாசம். மஞ்சளே நின்றால் பத்தாவது நிமிடம் வீரர் திரும்பலாம். சிவப்பானால் திரும்ப முடியாது. தெளிவான சிவப்பு என்றால் நடுவர் பங்கருக்கு அனுப்பாமல் அங்கேயே காட்டலாம்.

தலையில் மோதிய சம்பவத்துக்கு நான்கு கேள்விகள், இதே வரிசையில்: தலையில் பட்டதா? அது முரட்டு ஆட்டமா? ஆபத்து அதிகமா, குறைவா? தண்டனையைக் குறைக்கும் காரணம் உண்டா? ஆபத்து அதிகம் என்றால் சிவப்பிலிருந்து கணக்குத் தொடங்கும், குறைவென்றால் மஞ்சளிலிருந்து. எதிராளி திடீரென்று தாழ்ந்தால், அல்லது தடுப்பவர் உயரத்தைக் குறைக்கத் தெளிவாக முயன்றிருந்தால் ஒரு படி இறங்கும்.

கேன், தென்னாப்பிரிக்காவின் ஜெசி கிரியலை நிமிர்ந்த நிலையிலேயே மோதினார். நேரடி மோதல், குறைக்கும் காரணம் எதுவும் இல்லை. அதனால் சிவப்பு. உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் சிவப்பு வாங்கிய முதல் ஆண் வீரர் அவர்தான். கொலிசி சம்பவத்தில் ஆபத்தின் அளவு குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் கேள்வியில்தான் இரண்டும் பிரிந்தன. அந்த இடத்தில் இரண்டு தேர்ந்த நடுவர்கள் இரண்டு விடை சொல்ல வாய்ப்பு உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை.

இன்னும் மோசமான ஒப்பீடு அதே தொடரின் தொடக்கத்தில் இருக்கிறது. அர்ஜென்டினாவுக்கு எதிராக மூன்றாம் நிமிடத்தில் இங்கிலாந்தின் டாம் கரிக்கு மஞ்சள், பிறகு பங்கரில் சிவப்பு. மறுநாள் அதே மார்செய் மைதானத்தில் கிரியல், ஸ்காட்லாந்தின் ஜாக் டெம்ப்ஸியைத் தலையில் மோதியதற்கு எந்த அட்டையும் இல்லை. பங்கருக்கே போகாத சம்பவத்தைப் பங்கர் எப்படித் திருத்தும்?

கேள்வி: இங்கிலாந்தின் ஓவன் ஃபாரெலுக்குக் கொடுத்த சிவப்பை ரத்து செய்துவிட்டுத் திரும்பத் தடை போட்டது என்ன குழப்பம்?

2023 ஆகஸ்ட், வேல்ஸின் டெய்ன் பாஷம் மீதான மோதல். பங்கர் சிவப்பு கொடுத்தது. ஒழுங்கு விசாரணைக் குழு, குறைக்கும் காரணம் உண்டென்று சிவப்பை நீக்கியது. உலக ரக்பி மேல்முறையீடு செய்தது. ஃபாரெல் கையைச் சுற்றிப் பிடிக்கவே முயலவில்லை, ஆகவே அது எந்த நிலையிலும் சட்டவிரோதமான மோதல், அப்படிப்பட்டதுக்குக் குறைப்பே பொருந்தாது என்று மேல்முறையீட்டுக் குழு சொன்னது. நான்கு ஆட்டத் தடை. பாதுகாப்பு ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. கை சுற்றாத தோள் மோதலுக்கு "அவர் குனிந்துவிட்டார்" என்ற சமாதானம் எடுபடாது.

கேள்வி: 20 நிமிடச் சிவப்பு?

வெளியேறிய வீரர் திரும்ப முடியாது, ஆனால் 20 நிமிடம் கழித்து மாற்று வீரர் இறங்கலாம். 2025 ஆறு நாடுகள் தொடரில் பிரான்சின் ரோமன் ந்தமாக்கின் மஞ்சள் இப்படித்தான் உயர்ந்தது. வேண்டுமென்றே செய்த ஆபத்தான செயலுக்கு நிரந்தரச் சிவப்பு இன்னும் உண்டு.

கேள்வி: டிவியில் முன்பாஸ் என்று பட்டவர்த்தனமாகத் தெரிகிறது, நடுவர் விட்டுவிடுகிறார். ஏன்?

பாஸ் கொடுப்பவரின் கைகள் எதிரணியின் கடைசிக் கோட்டை நோக்கிப் போனால்தான் அது முன்பாஸ். முழு வேகத்தில் ஓடுபவர் பின்னால் தள்ளிவிட்ட பந்தும், அவர் ஓட்டத்தின் வேகத்தால் தரைக்கோடுகளோடு ஒப்பிடும்போது முன்னே நகரும். பாஸ் கொடுத்த கையோடு அவரைக் கீழே வீழ்த்திவிட்டால் அவர் நின்றுவிடுவார், பந்து மட்டும் முன்னே போவதாகத் தெரியும். கேமரா நேர் பக்கவாட்டில் இல்லாமல் சாய்வாக இருந்தால் இன்னும் ஏமாற்றும். பந்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணை, கண்டியில பள்ளிக்கூட மேட்ச் பாக்கிற ஆக்கள் நாங்கள். அங்க டிஎம்ஓ இல்லை. கோட்டுக்குள்ள குவியலா விழுந்தா ரெஃபரி என்ன செய்யலாம்?

சட்டமே வழி வைத்திருக்கிறது. பந்து பிடித்தவர் தரைக்குக் கொண்டுவர முடியாமல் கோட்டுக்கு அப்பால் தடுக்கப்பட்டார் என்று நடுவர் கண்டால், தடுத்த அணிக்கு கோல் கோட்டிலிருந்து டிராப்-அவுட் (பந்தைத் தரையில் விழவிட்டு உதைப்பது). எந்த அணி முதலில் பந்தைத் தரையில் அழுத்தியது என்பதில் ஐயம் என்றால், ஐந்து மீட்டர் ஸ்க்ரம், தாக்கும் அணிக்குப் பந்து. துணை நடுவர் கொடியை உயர்த்தியிருந்தால், கொடுத்த தீர்ப்பை நடுவர் மாற்றவும் சட்டம் இடம் தருகிறது. குவியல் விழும்போது நடுவர் கோல் கோட்டுக்கு அப்பால் முன்கூட்டியே ஓடி நின்று, முகம் களத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்னாலிருந்து ஓடி வருபவருக்கு முதுகுகள்தான் தெரியும், பந்து தெரியாது.

கேள்வி: கடைசியாக ஒன்று. 2023 உலகக் கோப்பையில் பிரான்சின் தொமா ராமோஸ் கன்வெர்ஷனைத் தென்னாப்பிரிக்காவின் கோல்பி பாய்ந்து தடுத்தது சரிதானா?

உதைப்பவர் உதைக்க எந்தத் திசையிலாவது நகரத் தொடங்கும் வரை எதிரணி தன் கோல் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டி, உதை தவறினால், மறுபடி உதைக்க விட வேண்டும். நடுவர் பென் ஓகீஃப் ராமோஸின் முதல் அசைவையே தொடக்கமாக எடுத்துக்கொண்டார். பிரான்ஸ் 28-29 என்று தோற்றதால் அந்த இரண்டு புள்ளி இன்றும் வலிக்கிறது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் கோல்பியின் காலும் ராமோஸின் காலும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் நகர்கின்றன. ஓகீஃபின் முடிவு தவறென்று சொல்லும் அளவுக்கு அதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உதைப்பவர்களுக்கு ஒரு யோசனை: தொடங்கும் முன் உடலை முன்னும் பின்னும் ஆட்டும் பழக்கத்தை விடுங்கள். கோட்டில் காத்திருப்பவருக்கு அந்த முதல் ஆட்டமே அனுமதி.