பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் சொந்த நிரலில் ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறேன். அனுப்பும் முன் எப்படிச் சோதிப்பது?

முதலில், ஓடுவது நீங்கள் திருத்திய நிரல்தானா என்று பாருங்கள். வேறு ஜாங்கோ ஏற்கெனவே நிறுவியிருந்தால் டெஸ்ட் அதன்மேல் ஓடிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். புது விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற நிறுவல்களோடு கலக்காத தனிப் பைத்தான் சூழல்) போட்டு, டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள்ளிருந்து மேல் ஃபோல்டரை எடிட்டபிள் முறையில் (உங்கள் ஃபோல்டரிலுள்ள நிரலே நேரடியாக ஓடும்படி) பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் நிறுவுங்கள். ரெக்வயர்மென்ட்ஸ் ஃபோல்டரின் பை3 கோப்பிலுள்ள துணைப் பேக்கேஜ்களையும் நிறுவ வேண்டும். டெஸ்ட்களை ஓட்டும் ரன்டெஸ்ட்ஸ் ஸ்கிரிப்ட் கிளம்பியதும் எந்த ஃபோல்டரிலுள்ள ஜாங்கோ என்று அதுவே சொல்லும். அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்து, பிழையைப் பிடிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். ஜாங்கோ ஃபோல்டரின் மாற்றங்களை மட்டும் கிட் ஸ்டாஷில் (மாற்றங்களைத் தற்காலிகமாக எடுத்து வைக்கும் கட்டளை) ஒதுக்கிவிட்டு அந்த டெஸ்டை ஓட்டினால் ஃபெயில் ஆக வேண்டும். ஸ்டாஷ் பாப் செய்து மாற்றங்களைத் திரும்பக் கொண்டுவந்த பின் பாஸ் ஆக வேண்டும். திருத்தம் இல்லாமலே பாஸ் ஆகும் டெஸ்ட் எதையும் நிரூபிக்காது. ரிவ்யூவில் முதலில் கேட்பார்கள் இதை.

பிறகு அந்த ஆப்பின் டெஸ்ட்கள், கடைசியில் முழுத் தொகுப்பு. இயல்பாக எல்லாம் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஓடும். செலக்ட் ஃபார் அப்டேட் (வரிசைகளைப் பூட்டும் வசதி) போன்று அதில் இல்லாதவற்றின் டெஸ்ட்கள் ஸ்கிப் ஆகிவிடும்; ஸ்கிப் என்றால் பாஸ் அல்ல. ஓஆர்எம்மை (டேட்டாபேஸோடு பேசும் ஜாங்கோ பகுதி) தொட்டிருந்தால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலும் ஓட்டுங்கள். தனியாகப் பாஸ் ஆகும் டெஸ்ட் மற்ற டெஸ்ட்களோடு ஓடும்போது மட்டும் ஃபெயில் ஆனால், ரன்டெஸ்ட்ஸின் பைசெக்ட் ஆப்ஷன் எந்த டெஸ்ட் அதைக் கெடுக்கிறது என்று காட்டித்தரும்.