தினமும் செய்யும் வேலையில் அர்த்தம் கிடைக்குமா?

"தினமும் அதே வேலை. இதில் என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதவியின் பெயரில் அதைத் தேடினால் கிடைக்காது என்றே நினைக்கிறேன்.

எமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே வேலை. சிலர் அதைச் சுத்தம் செய்வதாக மட்டுமே பார்த்தார்கள். மற்றவர்களோ நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருப்பதாக நம்பினார்கள்; நோயாளிகளிடம் பேசினார்கள், செவிலியருக்கு இடையூறு இல்லாத நேரமாகப் பார்த்து வேலை செய்தார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரின் 2007ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் தெளிவானது. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்கள் திரட்டிய தொகை இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது.

அதனால் உங்கள் வேலையின் பயன் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். முடிந்தால் அவரிடம் ஒருமுறை பேசுங்கள்.

அப்புறம், குறைந்த சம்பளத்தையும் மோசமான நடத்தையையும் சகித்துக்கொள்ள இதைக் காரணமாக்க வேண்டாம். சம்பளத்துக்காக மட்டும் வேலை பார்த்து, மனநிறைவைக் குடும்பத்திலோ இசையிலோ தேடுவதிலும் தவறில்லை.